கையிருப்புப் பட்டியல்

மலிவாகத்தான் கேட்டார்கள்.
இருபத்துச் சொச்சம் மைல் இரும்பு,
அதில் நாலு மைல் ஏற்கெனவே
கடலுக்கு அடமானம்.
லண்டனில் இருந்து கம்பெனியின் தந்தி:
விற்கிறோம்.
இங்கிருந்து அரசாங்கத்தின் தந்தி:
முதலில் எண்ணுகிறோம்.

எண்ணப் போனவன் நான்.
எதெல்பர்ட் கிட்டென்ஸ், இளநிலை எழுத்தர்,
பார்படோஸ் கருவூலம்.
இரண்டு மைப்புட்டி, ஒரு குடை,
காலைக் கடிக்கும் புது பூட்ஸ்.

பிரிட்ஜ்டவுனில் தொடங்கினேன்.
இன்ஜின் நான்கு. ஓடுபவை இரண்டு.
மூன்றாவதன் நெருப்பறையில்
ஒரு கோழி அடைகாக்கிறது.
முட்டைகளைச் சேர்க்கவில்லை.
ஸ்லீப்பர் கட்டைகள்:
குடை நுனியால் குத்தினால்
ஊறிய ரொட்டி.
தண்ணீர்த் தொட்டி ஒன்று,
ஓட்டையைக் கழித்தால் அரை.

புஷி பார்க் நிலையத்தில்
கோட்டின் எல்லாப் பித்தானும் போட்டு நின்றார்
ஸ்டேஷன் மாஸ்டர் யியர்வுட்.
ஒன்பது மாதச் சம்பளம் பாக்கி.
"தம்பி, என்னை எந்தப் பக்கம் எழுதுவாய்?
சொத்திலா, கடனிலா?"
மை காயட்டும் என்று
குனிந்து ஊதிக்கொண்டிருந்தேன்.

கரும்புக் காடு முடிந்ததும்
தரை சட்டென்று காலை வாருகிறது.
கான்செட் இறக்கம்.
போகையில் இறக்கம், வருகையில் மேடு.
கீழே அட்லாண்டிக்
தண்டவாளத்தை ஒரு ஓரமாகத்
தின்றுகொண்டிருந்தது,
அவசரம் இல்லாமல்,
பரம்பரைச் சொத்து என்பதுபோல.

பாத்ஷீபாவில் மீன் தட்டுடன்
கெதூரா ஸ்பிரிங்கர் என்னைப் பிடித்துக்கொண்டாள்.
"எல்லாவற்றையும் எழுதினாயா?"
எல்லாவற்றையும்.
"மேட்டில் ரயில் ஏறுவது எதால்?"
நிலக்கரியால்.
அவள் சிரித்த சிரிப்பில்
பறக்கும் மீன் ஒன்று தட்டில் நழுவியது.
"முதல் வகுப்பு உட்கார்ந்திருக்கும்.
இரண்டாம் வகுப்பு இறங்கி நடக்கும்.
மூன்றாம் வகுப்பு தள்ளும்.
பதினோரு வருஷம், சனிக்கிழமைதோறும்,
காசு கொடுத்துத் தள்ளியிருக்கிறேன்.
எழுது."

எழுதினேன்.
ஏன் என்று இன்றும் தெரியாது.
வெயில், பூட்ஸ், அந்தச் சிரிப்பு.
இனம் நூற்றுப் பதினேழு:
தள்ளும் தோள்கள், சராசரி நாற்பது ஜோடி,
தேய்மானம் கழிக்காமல்.

மேலதிகாரி ஆல்செப் சிவப்பு மையால்
ஒரு கோடு இழுத்தார்.
நேரான கோடு. இந்தத் தீவில்
இவ்வளவு நேராக ஒரு தண்டவாளம்
நான் பார்த்ததில்லை.
நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினேழு ஆனது:
கைவிளக்கு ஆறு, கண்ணாடி இல்லாமல்.

பேரம் முடிந்தது.
கம்பெனிப் பெயரைச் சுரண்டி எடுத்து
அரசாங்கத்தின் பெயரைத் தீட்டினார்கள்.
கோழியை யாரோ கொண்டுபோனார்கள்.
யியர்வுட்டுக்குப் புதுத் தொப்பி வந்தது;
பழைய பாக்கி
பரிசீலனையில் இருக்கிறது.

முதல் சனிக்கிழமை நானும் போனேன்,
இலாகா தந்த இரண்டாம் வகுப்புச் சீட்டோடு.
திரும்பி வருகையில் கான்செட் மேட்டில்
இன்ஜின் ஒரு தடவை முக்கியது,
இரண்டு தடவை முக்கியது,
நின்றது.
பழைய கார்டுதான். குரலில் மட்டும் புது முறுக்கு:
"மாட்சிமை தங்கிய அரசரின் பேரால்
மூன்றாம் வகுப்பு இறங்கலாம்!"

பாவாடையைச் செருகிக்கொண்டு
கெதூரா என் பெட்டியின் ஜன்னலுக்கு வந்தாள்.
"இப்போது இது யாருடையது?"
அரசாங்கத்துடையது.
"அரசாங்கம் எங்கே?
அதையும் இறங்கச் சொல்."

முன்பெட்டியில் ஆல்செப்
செய்தித்தாளை இன்னும் அகலமாக விரித்தார்.
நான் இறங்கினேன்.
நடக்கத்தான் இறங்கினேன்,
என் சீட்டுக்கு நடப்பதே விதி.
இரண்டடி நடந்தேன்.
மூன்றாவதில் குடையைச் சரளையில் போட்டுவிட்டு
பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தேன்.

"அங்கே இல்லை, மடையா," என்றாள்,
தோளை ஏற்கெனவே கொடுத்தபடி,
"அங்கே பெயின்ட் காயவில்லை."